நான்காம் கோட்பாடு யாருக்கு?



அண்மையில் ஜெலுத்தோங் சந்தையில் என் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தையைச் சந்தித்தேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் நடைபெற்ற மானியம் வழங்கும் நிகழ்வுக்குச் சென்று வந்திருந்தார். மேடையில் ஆளுயர மாதிரிக் காசோலை, மாலை, பொன்னாடை, படம் எடுத்தல் என எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு விவரித்துவிட்டு இறுதியில் இப்படிச் சொன்னார்: "அவங்க நெனைச்சா நாளைக்கே தமிழ்ப்பள்ளிய மூடிடலாம் டீச்சர். மூடாம விட்டு வச்சிருக்காங்களே, அதுக்கே நாம நன்றி சொல்லணும்."

அவர் நல்ல மனிதர். மூன்று பிள்ளைகளையும் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பியவர். அதனால்தான் அந்தச் சொல் என்னை உறுத்தியது. அன்று மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஒப்புவிக்கும் ஒரு வரி

வாரந்தோறும் சபை கூடலில் நம் பிள்ளைகள் வலக்கையை உயர்த்தித் தேசியக் கோட்பாட்டை ஒப்புவிக்கின்றனர். 1969 மே 13 கலவரத்திற்குப் பின்னர், 1970 ஆகஸ்ட் 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்பாடுகள் அவை. மூன்றாவது, அரசியலமைப்புச் சட்டத்தை உறுதியாகக் கடைப்பிடித்தல். நான்காவது, சட்டமுறைப்படி ஆட்சி நடத்துதல்.

நான்காவதைச் சற்று நிறுத்திப் படியுங்கள். ஆட்சி நடத்துதல்! ஏழு வயதுப் பிள்ளையா ஆட்சி நடத்துகிறது? அதன் பெற்றோரா? நாமா? ஆட்சி நடத்துவது அரசாங்கம். ஆகவே அந்த வரி முதலில் அரசாங்கத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. ஆள்பவர் தம் விருப்பப்படி ஆளக் கூடாது, சட்டம் வகுத்த எல்லைக்குள் நின்று ஆள வேண்டும் என்பதே அதன் பொருள்.

இவ்வளவு பெரிய செய்தியைப் பிள்ளைகளின் வாயில் போட்டுவிட்டு, பொருளைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். "சட்டத்தை மதி, பெரியவர் சொல்வதைக் கேள்" என்று அதைச் சுருக்கிவிடுகிறோம். அப்படி வளர்ந்த பிள்ளைதான் நாற்பது வயதில் சந்தையில் நின்று, "மூடாம விட்டு வச்சிருக்காங்களே" என்று நன்றி சொல்கிறது. குற்றம் அவருடையதா, அவருக்குக் கற்பித்த நம்முடையதா?

சட்டம் உண்மையில் சொல்வது என்ன?

கூட்டரசு அரசியலமைப்பின் 4-ஆவது பிரிவு, அதுவே நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட எந்தச் சட்டமும் அதற்கு முரண்பட்டால், முரண்படும் அளவுக்குச் செல்லாததாகும். நாடாளுமன்றத்திற்கும் மேலே ஒரு கூரை உண்டு என்பது இதன் பொருள்.

152-ஆவது பிரிவு, மலாய்மொழியே தேசியமொழி என்கிறது. அதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. நம் பிள்ளைகள் அதைப் பிழையறக் கற்க வேண்டும். அதே பிரிவு தொடர்ந்து இரண்டு காப்புகளைத் தருகிறது. ஒன்று, அதிகாரப்பூர்வ நோக்கம் தவிர்த்து வேறு எம்மொழியையும் பயன்படுத்தவோ, கற்பிக்கவோ, கற்கவோ எவரையும் தடை செய்யக் கூடாது. இரண்டு, பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பேணிக்காக்கக் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உரிமை இதனால் பாதிக்கப்படாது.

முதலாவது காப்பு, அரசின் கையைக் கட்டுகிறது. இரண்டாவது, தமிழுக்குச் செலவிட அரசுக்கு வழி திறக்கிறது. ஆனால், "தமிழ்ப்பள்ளியைக் கட்டு, நடத்து" என்று இவ்விரண்டில் எதுவும் அரசைப் பணிக்கவில்லை. அந்தக் கடமை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்து வருகிறது. தேசிய மாதிரிப் பள்ளிகளை அமைச்சர் நிறுவலாம். நிறுவியவற்றைப் பராமரிக்க வேண்டும் என்கிறது அதன் 28-ஆவது பிரிவு. "லாம்" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைத் தமிழாசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாதாரணச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எளிய பெரும்பான்மை கொண்டு மாற்றிவிடலாம். 152-ஆவது பிரிவை மாற்ற மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையும், அதற்கு மேல் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் தேவை. நம் மொழி கல் அடித்தளத்தில் நிற்கிறது. நம் பள்ளி அதைவிட மெல்லிய தளத்தில் நிற்கிறது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)-ஆவது பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற ஆணையிடும் அதிகாரத்தை அமைச்சர் ஒருவரிடமே கொடுத்திருந்தது. 1996இல் புதிய சட்டம் வரும் வரை அந்த வாள் நம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே இரு சாராரும் தவறு செய்கின்றனர். "நினைத்தால் நாளைக்கே மூடலாம்" என்பவர் அரசுக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுக்கிறார். "தமிழ்ப்பள்ளியை அரசியலமைப்பே காக்கிறது, எவராலும் அசைக்க முடியாது" என்று மேடையில் முழங்குபவர் நமக்கு இல்லாத பாதுகாப்பைச் சொல்லி நம்மைத் தூங்க வைக்கிறார். முன்னதில் அச்சம், பின்னதில் மயக்கம். இரண்டுமே சட்டத்தைப் படிக்காததால் வருபவை.

நீதிமன்றங்கள் சொன்னவை

1978இல் சபாவைச் சேர்ந்த மார்க் கோடிங் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார். தேச நிந்தனைக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார். பலர் இத்தோடு கதையை முடித்துவிடுவர். தீர்ப்பின் மறுபாதியையும் அறிய வேண்டும். பள்ளிகளை மூடு என்று சொன்னது நிந்தனையாகாது, 152-ஆவது பிரிவையே திருத்தலாம் என்று சொன்னதுதான் நிந்தனை என்று நீதிமன்றம் பகுத்தது. மொழியைக் கற்பிப்பதற்குக் காப்பு உண்டு. அம்மொழியில் பிற பாடங்களைக் கற்பிப்பது அந்தக் காப்புக்குள் வராது என்பது அதன் பார்வை. சீனமொழியில் இயங்கவிருந்த மெர்டேக்கா பல்கலைக்கழகத்தின் வழக்கு 1982இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றதும் இதே பகுப்பின் மீதுதான்.

பின்னர், 2019 தொடங்கிச் சில அமைப்புகள் தாய்மொழிப் பள்ளிகளே அரசியலமைப்புக்கு முரணானவை என வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பர் 29ஆம் நாள் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் அதை ஏற்க மறுத்தார். கோத்தா பாரு உயர் நீதிமன்றமும் 2022இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவரும் ஒருமனதாக அத்தீர்ப்புகளை நிலைநிறுத்தினர். அந்த வழக்குகளில் தமிழ் அமைப்புகள் சிலவும் தரப்பினராகச் சேர்ந்து வாதாடின. அந்த ஆண்டுகளில் நம் பள்ளிகள் தலைநிமிர்ந்து நின்றது ஒரு தலைவரின் பெரிய மனத்தால் அன்று. எழுதப்பட்ட சட்டத்தாலும் அதைப் படித்து நீதிமன்றம் ஏறியவர்களாலும்தான். அவர்களுக்கு எத்தனை பள்ளிகளில் பொன்னாடை போர்த்தினோம்?

ஒரே பேனா, இரண்டு நாடுகள்

நம் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐவருள் ஒருவர் சர் ஐவர் ஜென்னிங்ஸ். அவரே அதற்கு முன்னர் இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு உருவாகத் துணைநின்றவர். அதன் 29-ஆவது பிரிவு, ஒரு சமூகத்திற்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. தாளில் எவ்வளவு அழகான வேலி!

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது, வேலி தடுக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றானது. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுத்தர், சிங்களத் தேர்வில் தேறாததால் தமக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம், அந்த மொழிச் சட்டமே செல்லாது என்றது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் அரசின் மீது சம்பள வழக்குத் தொடுக்கவே முடியாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி மன்றம், தொடுக்கலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை கிடைக்கவே இல்லை. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29-ஆவது பிரிவே காணாமற்போயிற்று. அதன்பின் நடந்தவற்றை நான் எழுத வேண்டியதில்லை. அவற்றால் வீடிழந்தோர் உலகெங்கும் இருக்கின்றனர்.

மலேசியா இலங்கை அன்று. அப்படி ஆகிவிடும் என்று நான் அச்சுறுத்தவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வேலி தானாக நிற்பதில்லை. கேள்வி கேட்ட ஓர் எழுத்தர் இருந்தார். அவருக்குப் பின்னால் விடை வரும் வரை வலியுறுத்திக் கேட்கும் நாடு இருக்கவில்லை.

நம் ஜெலுத்தோங்கின் பாடம்

"நமக்கேன் வம்பு?" என்போருக்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று. 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் கர்ப்பால் சிங். 1987இல் சீனக்கல்வித் தகுதி இல்லாதவர்கள் சீனப்பள்ளிகளில் நிருவாகப் பொறுப்புகளுக்கு நியமிக்கப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பின் முடிவில், அக்டோபர் 27ஆம் நாள் லாலாங் நடவடிக்கை தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். நாம் வாக்களித்து அனுப்பியவரும் அவர்களுள் ஒருவர்.

1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே நாளில், சில மணி நேரத்தில், மீண்டும் கைது செய்யப்பட்டார். அவர் வெளியே வந்தது 1989இல்தான். அவருடைய கட்சியை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், அது வேறு. நீதிமன்றம் திறந்த கதவை அரசு அன்றைய தினமே மீண்டும் பூட்ட முடியுமென்றால், "சட்டமுறைப்படி ஆட்சி நடத்துதல்" என்பதற்கு என்ன பொருள் எஞ்சும்? அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் அத்தகைய சட்டங்களுக்கு இடமளிக்கும் 149-ஆவது பிரிவு அரசியலமைப்பில்தான் இருக்கிறது. வேலியிலேயே ஒரு வாசல். அதை அறிந்தவர்தாம் அங்கே காவல் நிற்க முடியும்.

வகுப்பறையில் நாமே அரசாங்கம்

ஆசிரிய நண்பர்களே, "நாம் அரசு ஊழியர், இதைப் பேசலாமா?" என்று கேட்பீர்கள். கட்சி அரசியலைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒப்புவிக்கும் கோட்பாட்டுக்குப் பொருள் சொல்வது நம் பணி. சொல்லாமல் விடுவதே பணியில் குறை.

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் நாமே அரசாங்கம். மாணவியரைப் பிரம்பால் அடிக்க விதிமுறை இடம் தரவில்லை என்று தெரிந்தும் கை ஓங்குபவர், விசாரிக்காமல் தண்டிப்பவர், "ஏன் டீச்சர்?" என்று கேட்ட பிள்ளையை "எதிர்த்துப் பேசாதே" என்று உட்கார வைப்பவர், நம்மில் இல்லையா? நானும் அப்படிச் செய்திருக்கிறேன். எல்லையற்ற அதிகாரம் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை முதலில் நம்மிடமே கற்கிறது. பிறகு எந்தப் பாடநூல் அதை மாற்றும்?

இனிச் செய்யக்கூடியவை

1. சபை கூடலில் ஆண்டுக்கு ஐந்து முறையாவது, ஒரு முறைக்கு ஒரு கோட்பாடு என்று பொருள் விளக்குவோம். நான்காவதை, ஆள்பவருக்குச் சொல்லப்பட்டது என்றே விளக்குவோம்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் 152-ஆவது பிரிவையும் கல்விச் சட்டத்தின் 28-ஆவது பிரிவையும் மலாயிலும் தமிழிலும் வாசிப்போம். பத்து நிமிடம் போதும்.

3. மானியம் வந்தால் நன்றி சொல்வோம், பண்பாடு அது. கூடவே எவ்வளவு, எதற்கு, எப்போது வந்து சேரும் என்றும் கேட்போம். அது நாமும் செலுத்திய வரிப்பணம். மாதிரிக் காசோலையை வங்கியில் மாற்ற முடியாது!

4. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவோம். பயன்படுத்த ஆளில்லாத உரிமையை எவரும் பறிக்கத் தேவையில்லை. அது தானே உதிரும்.

பினாங்கில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கியது. இந்நாட்டின் அரசியலமைப்பு பிறந்தது 1957இல். எந்த அமைச்சரும் எந்தக் கட்சியும் தோன்றுவதற்கு முன்பே இத்தீவில் நம் பிள்ளைகள் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தனர். அரசியலமைப்பு நமக்குத் தமிழைத் தரவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் தடுக்காதே என்று ஆள்வோருக்குச் சொன்னது.

அடுத்த முறை அந்தத் தந்தையைச் சந்தையில் கண்டால் இதைத்தான் சொல்வேன்: "நன்றி சொல்லுங்கள் ஐயா, தவறில்லை. ஆனால் மூடாமல் விட்டதற்காகச் சொல்லாதீர்கள்."

சிந்திப்போம்.