விமான விளையாட்டும் பீங்கான் சாஸ்திரமும்

வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே ஆகாய விமானம் ஓட்டிப் பழகுவதற்கென்று, லட்சக்கணக்கில் செலவழித்து, நீர்க்குழாய்கள் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டிக்கொள்ளப் பிள்ளை ஆசைப்படுகிறான் என்று கேட்டால், காசைக் கரியாக்கும் காரியம் என்றே எந்தத் தகப்பனாருக்கும் தோன்றும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் ப்யூஸ் கட்டையும் சூளையில் சுட்டு ஜீவனம் நடத்திவரும் விருத்தாசலத்துக்காரர்கள், அந்தப் பெட்டியை வெறும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

முதலாவதாக, விளையாட்டு என்ற பெயரே அதற்கு முழுதும் பொருந்தாது. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் குடும்பத்தாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டே, தரையை விட்டு எழும்பாத பயிற்சி விமானம் ஒன்றை உருவாக்கினார்; இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பல்லாயிரம் விமானிகள் அதில்தான் பயின்றார்கள். 1982-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட பிளைட் சிமுலேட்டர் அந்த வித்தையைச் சாதாரண மேஜைக்குக் கொண்டுவந்தது.

இன்று மேகமும் மலையும் நிஜம்போல் திரையில் விரிவதற்கு உழைக்கும் கிராபிக்ஸ் கார்டுகளில், ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒன்று தனியாகவே 450 வாட் மின்சாரத்தை உஷ்ணமாக மாற்றக்கூடியது. ஒரே கன அளவு காற்றைவிட நீர் ஏறக்குறைய 3,500 மடங்கு உஷ்ணத்தை ஏற்குமாதலால், செம்புக் கட்டை வழியே நீரை ஓடவிட்டு ரேடியேட்டரில் ஆற்றுகிறார்கள். ஆனால், அக்னி நட்சத்திரத்தில் அறையின் சூடு 38 டிகிரியாக இருந்தால், அதற்குக் கீழே அந்த நீர் ஒருநாளும் குளிராது. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் சேர்த்தால் அரிப்பு உண்டாகும். ஆகவே பெரும்பாலோருக்கு நல்ல காற்றாடியே போதும் என்பதையும், மிச்சப் பணத்தை விமானக் கைப்பிடிக்கும் கால் மிதிக்கும் செலவிடுவதே பிரயோஜனம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம் ஊருக்குரிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் கார்டின் மேல் எள்ளளவாக ஒட்டியிருக்கும் கப்பாசிட்டர்களில் பெரும்பாலானவை, பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானை மெல்லிய ஏடுகளாக்கி, நடுநடுவே உலோகம் பூசி, அடுக்கிச் சுட்டவை. நீரைச் சுழற்றும் டி5 என்னும் பம்பில் சுழலி உட்கார்ந்து சுற்றுவது ஒரு சிறு பீங்கான் குண்டின் மேல். 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரில், நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகளைத் தாங்கியது ஒரு சாண்கூட இல்லாத பல அடுக்குப் பீங்கான் தட்டு. அதைக் குளிர்வித்தது குழாயில் ஓடிய நீர். நீரும் பீங்கானும் கணிப்பொறியில் கைகோத்தது நேற்றைய சங்கதியல்ல.

நம் சூளைகளில் பீங்கான் 1,200 டிகிரி சுமாரில் வேகிறது. அலுமினா என்னும் பீங்கான் வேக 1,600 டிகிரி வரை வேண்டும். மண்ணின் சுத்தமும் வேறு தரம். ஆகையால் இங்குள்ள சிறு பட்டறைக்காரர் நாளைக்கே சிப்புத் தட்டுச் செய்துவிடுவார் என்று சொல்வது வீண் ஆசை. பம்புக்குரிய தண்டும் குண்டும், ஹீட்டர்களுக்குரிய அலுமினாக் குழாயும் போன்றவற்றை முதற்படியாக முயல்வது வீண் ஆசையல்ல. அதற்கு வேண்டியவை உயர் உஷ்ணச் சூளையும் பரிசோதனைச் சாலையும். இரண்டையும் தனித்தனிச் சிறு முதலாளிகள் தாங்க மாட்டார்களாதலால், சர்க்கார்தான் தொழிற்பேட்டைக்குப் பொதுவாக அமைத்துத் தரவேண்டும்.

பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசுக் கல்விக்கூடம் இவ்வூரிலேயே இருக்கிறது. அங்கே வரும் மாணவர்களுக்கு, கெட்டுப்போன கார்டு ஒன்றையும் பழுதான பம்பு ஒன்றையும் மேஜைமேல் பிரித்துப்போட்டுப் பாடத்தைத் தொடங்கினால், பேரியம் டைட்டனேட் பரீட்சைக்கு மனனம் செய்யும் பெயராக நின்றுவிடாது. ஒருமுறை சூளை மூட்டும் செலவுக்குக்கூட அந்தச் செலவு வராது.