ஓடுபாதையிலிருந்து ஒரு கிலோமீற்றர்



ஒருவர் நற்காரியம் ஒன்றுக்காக ஓடுகிறார். அவர் ஓடி முடித்தால் மற்றவர்கள் பணம் கொடுக்கிறார்கள். மேல்நாட்டில் பரவலாக உள்ள இவ்வழக்கம் எம்மில் பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். "கொடுக்க மனமிருந்தால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே, இந்த ஓட்டம் எதற்கு?" என்று கேட்கவும் தோன்றும். இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, அத்தகைய நெடுந்தூர ஓட்டமொன்றில் தண்ணீர் கொடுக்கும் மேசையருகே நாள் முழுவதும் நின்ற பின்னர் அந்த எண்ணம் மாறியது. ஆனால் அதனிடத்தில் வேறொரு கேள்வி வந்து குந்திக்கொண்டது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இடம், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோர்செற் பிரதேசம். அங்கு கடலோரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதை, 630 மைல் நீளமான தென்மேற்குக் கரையோரப் பாதையின் ஒரு பகுதியாகும். லல்வேர்த் குடாவிலிருந்து கிமெரிட்ஜ் குடா வரை ஏறத்தாழ 7 மைல்தான். ஆயினும் முழுப் பாதையிலும் மிகக் கடினமான துண்டுகளுள் இதுவும் ஒன்று. மலைகள் கத்தியால் வெட்டியது போலக் கடலோரம் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு மேட்டில் ஏறி மூச்சு வாங்குமுன் பாதை கடல்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இறங்கியதும் மறுபடியும் 500 அடிக்கு மேல் ஏற வேண்டும். ஏற்றத்தில் எவரும் ஓடுவதில்லை. தொடைகளில் கையூன்றி நடக்கிறார்கள். முழங்காலை முறிப்பது இறக்கந்தான்.

வந்தவர்களுள் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஆசிரியை, தாதி, கந்தோர் எழுதுவினைஞர் போன்ற சாதாரண மனிதர்கள். மாதக்கணக்காக அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்தவர்கள். உறவினர், அயலவர், கூட வேலை செய்பவர் எல்லோரிடமும் தாளை நீட்டி, ஐந்தும் பத்துமாக வாக்குறுதி வாங்கி வந்திருந்தார்கள். வரி செலுத்தும் ஒருவர் 1 பவுண் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் அங்குண்டு. இதில் எனக்குப் பிடித்தது, ஒரு பணக்காரரின் பெருங்கொடைக்குப் பதிலாக நூறு பேரின் சிறுதொகை சேர்வதுதான். கேட்பவரும் சும்மா கேட்கவில்லை. தம் உடம்பைப் பணயம் வைத்துக் கேட்கிறார். எம்மவர் நேர்த்தி வைத்துக் கால்நடையாகக் கோயிலுக்குப் போவதை நினைத்தால் இது அவ்வளவு அந்நியமான காரியமன்று.

இனி அந்த வேறு கேள்விக்கு வருகிறேன். இந்த 7 மைல்களின் பெரும்பகுதி இராணுவத்தின் காணி. தாங்கிகளிலிருந்து சுடப் பழகும் இடம். சுடும் நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றி, படலைகளைப் பூட்டிவிடுவார்கள். பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அப்போதும் மஞ்சள் கட்டைகளுக்கு இடைப்பட்ட பாதையை விட்டு விலகக்கூடாது. வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம்.

வேர்பறோ குடா என்னுமிடத்தில் பாதை இறங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால் ரைன்ஹாம் என்ற கிராமம். கூரையில்லாத கல்வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில். குடியிருப்பவர் ஒருவருமில்லை.

என் மேசையில் தண்ணீர் குடிக்க நின்ற ஒரு பெண்ணிடம், "அந்தக் கிராமத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "எந்தக் கிராமம்?" என்றார். அவர் ஓடியது, போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிவாரண நிதிக்காக. நான் அவரைக் குறைகூறவில்லை. ஓட்டப்பாதை கிராமத்துக்குள் போகவில்லை. அவரிடம் அதைப்பற்றி எவரும் சொல்லவுமில்லை.

1943 நவம்பரில் ரைன்ஹாம் மக்களுக்குக் கடிதம் வந்தது. படைப் பயிற்சிக்கு நிலம் தேவை, டிசம்பர் 19 ஆம் திகதிக்குள் வெளியேற வேண்டும் என்பதே செய்தி. ஏறத்தாழ 225 பேர் நத்தாருக்குச் சில நாட்கள் முன்னதாக வெளியேறினார்கள். கமக்காரரும் மீனவரும். பெரும்பாலானோர் குத்தகைக் குடிகள்; காணி உறுதி அவர்கள் கையில் இல்லை. போகும்போது கோயில் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை நாட்டுக்காக விட்டுப் போகிறோம், ஒருநாள் திரும்பி வருவோம், கோயிலையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். போர் 1945 இல் முடிந்தது. 1948 இல் அரசு அந்நிலத்தை நிரந்தரமாகச் சுவீகரித்தது. 1968 இல் ஓர் இயக்கம் உருவாகி நிலத்தைத் திருப்பிக் கேட்டது. 1973 இல் அரசு நியமித்த குழுவே நிலத்தை விடலாம் என்று சிபாரிசு செய்தும் அரசு ஏற்கவில்லை. கிடைத்தது நடைபாதை மட்டுமே. இன்று 80 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இதே கரையோரப் பாதையில், டெவன் பிரதேசத்தில் சிலாப்ற்றன் என்ற ஊர் உண்டு. அமெரிக்கப் படைகள் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்காக, அதே 1943 டிசம்பரில் அவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 3,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1944 இலேயே அவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஒத்திகை முடிந்ததும் படைக்கு அந்நிலம் தேவைப்படவில்லை. ரைன்ஹாமிலோ சுடுதளம் தொடர்ந்து தேவைப்பட்டது. இரு ஊராரின் தியாகமும் ஒன்றுதான். திரும்புவதும் திரும்பாததும், நிலம் பிறருக்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதில் தங்கியிருந்தது.

ரைன்ஹாம் மக்களுக்கு வேறிடத்தில் வீடு கிடைத்தது. சிலருக்கு முன்னையதை விட வசதியான வீடு. அது பெரிய காரியந்தான். ஆனால் கதவில் குத்திய கடிதத்தில் அவர்கள் வீடு கேட்கவில்லை. இதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் கால்கடுக்கச் சேர்த்த பணத்தில் கூரைத்தகடும் விதைநெல்லும் வாங்கலாம். அவற்றைப் பெறுபவர் வெட்கப்படவும் தேவையில்லை. கொடுத்தவரும் எங்கோ வியர்வை சிந்தியிருக்கிறார். ஆனால் எத்தனை பவுண் சேர்ந்தது என்பதோடு கணக்கை முடித்துவிட்டால், துன்பப்பட்டவர் வெறும் படமாகிவிடுகிறார். அவர் என்ன கேட்டார் என்பது எந்தத் தாளிலும் பதியப்படுவதில்லை. ஓட்டத்தை ஒழுங்கு செய்பவர்கள் பாதையை ஒரு கிலோமீற்றர் உள்ளே திருப்பட்டும். ஓடுபவர்கள் அந்தக் கோயில் வாசலில் சற்று நிற்கட்டும். கால் மணி நேரம் பிந்தும்; பிந்தட்டும்.

பெறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவியைக் கைநீட்டி வாங்கும்போதே உங்கள் ஊரின் பெயரையும், காணியின் எல்லையையும், திரும்பும் விருப்பத்தையும் சொல்லுங்கள். எழுதியும் வையுங்கள். கையில் உறுதி இல்லாதவர் முதலில் எழுதட்டும். கேட்கப்படாதவை நாளடைவில் விரும்பப்படாதவை என்றே கணக்கில் எழுதப்பட்டுவிடும். ரைன்ஹாம் மக்கள் கதவில் குத்திவிட்டுப் போன அந்த ஒற்றைத் தாள்தான், அவர்கள் கேட்டது என்னவென்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.