பேங்கை அப்புறம் மாத்தலாம், முதல்ல வட்டியை மாத்துங்க

ஆரணியில எங்க வீட்டுக் கூடத்துல இன்னும் குழித்தறி இருக்கு மக்களே. மாடி கட்ட 2017ல அப்பா வாங்கின கடனை, "வட்டி கம்மி, எங்ககிட்ட வாங்க"ன்னு போன மாசம் இன்னொரு வங்கி கூப்பிட்டுச்சு. மதிப்பீடு பண்ண வந்தவர் தறியைப் பார்த்துட்டு, "இது வீடா, தொழிற்கூடமா?"ன்னார். தாத்தா காலத்துலேர்ந்து ரெண்டும்தான் சார்! கடன் கிடையாதுன்னுட்டாங்க. கட்டின கட்டணமும் போச்சு.

அப்புறம்தான் பொட்டி தட்டுற மூளை வேலை செஞ்சுது. 2019 அக்டோபர்லேர்ந்து வங்கிகள் கொடுக்குற புது மிதவை வட்டி வீட்டுக்கடனை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு. பழைய கடன் தானா மாறாது, நாமதான் எழுதிக் கேட்கணும். 2025ல ரெப்போ 6.50லேர்ந்து 5.25க்கு இறங்குச்சு, அப்பாவுக்கு அதுல பாதிகூட வந்து சேரலை.

உதாரணத்துக்கு, 10 லட்சம் பாக்கி, 15 வருஷம்னு வைங்க. 9 சதவீதத்துல தவணை 10,143, 8ல 9,557. மாசம் 586 ரூபாய், மொத்தத்துல லட்சத்துக்கு மேல! சொந்த வங்கியிலயே மாத்தினா புது மதிப்பீடு, வக்கீல் கருத்து, பத்திரத்தை மீட்டு மறுபடி அடகுப் பதிவுன்னு அலைச்சல் இல்லை. சின்னதா ஒரு நிர்வாகச் செலவு, அவ்ளோதான். அவங்க மறுத்தா அப்புறம் வெளியே போலாம். தனிநபர் மிதவை வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைச்சா வங்கிகள் அபராதம் போடக் கூடாதுன்னு 2012லேயே சொல்லியாச்சு.

கிளையில முதல்ல "அப்படி ஒண்ணும் இல்லையே"ம்பாங்க. நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க :-)