வாளோடு மோதிய வயலின்கள்

திரைப்படப் பின்னணி இசையைக் கூலிக்கு எழுதிய இசை என்று இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. 1938-இல் வெளிவந்த ‘ராபின் ஹூட்டின் சாகசங்கள்’ படத்தைக் கேட்டுப் பாருங்கள், ஆம், கேட்டு! எரால் பிளின்னும் பேசில் ராத்போனும் கோட்டைப் படிகளில் வாட்போர் புரிகையில் எக்காளங்கள் முழங்குகின்றன, வயலின்கள் பாய்கின்றன. இசையமைத்த கோர்ன்கோல்ட், 23 வயதிலேயே ‘இறந்த நகரம்’ என்னும் ஆபராவை அரங்கேற்றிய மேதை. இப்படத்துக்காக அமெரிக்கா சென்றிருந்த வேளையில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். யூதரான அவர் உயிர் தப்பியது இப்படத்தால்! ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இருந்தும் கச்சேரி உலகம் அவரைச் சினிமாக்காரர் என்றே ஒதுக்கியது. அவரோ படத்தைப் பாட்டில்லாத ஆபராவாகவே நினைத்து எழுதினார். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு அச்சண்டையைப் பார்த்தேன். இருவர் தகரக் கத்திகளோடு ஓடித் திரிந்தார்கள், அவ்வளவே.