10 அங்குலத்தின் இலக்கணம்

பழையதைப் பேணுவது என்றால் என்ன என்ற கேள்வி இலக்கியம் பயில்வோர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடி, கல்வெட்டு, கோயில் மண்டபம் என நாம் அடிக்கடி விவாதிக்கும் பொருள்களோடு இயந்திரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. சென்ற நூற்றாண்டின் கார்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. இன்னும் பல, தனிமனிதர்களின் கொட்டகைகளில் அக்கறையுடன் காக்கப்படுகின்றன. அவற்றைக் காப்போரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. பழைய காரில் ஆலை மாட்டிய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் பெரிய சக்கரத்தைப் பொருத்தலாமா?

இதை ரசனைப் பிரச்சினை என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். சட்டை மாற்றுவதுபோல்தானே சக்கரம் மாற்றுவதும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில கார்களில் சக்கரம் என்பது அணி. சில கார்களில் அது யாப்பு. பின்னதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் மினி.

பர்மிங்ஹாமில் கணினித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் 1967ஆம் ஆண்டு மினி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு 13 அங்குல அலாய் சக்கரங்கள் போட விரும்புகிறார். அதற்காக முன்னும் பின்னும் சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகட்டை வெட்ட வேண்டும் என்று பணிமனையில் சொன்னார்களாம். "சக்கரம்தானே ஐயா, இதில் என்ன இருக்கிறது?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலின் விரிவே இக்கட்டுரை.

மினி பிறந்த கதை ஒரு நெருக்கடியின் கதை. 1956இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எரிபொருளில் ஓடும் உண்மையான சிறிய கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்ட் முடிவு செய்தார். அப்பொறுப்பு அலெக் இசிகோனிஸிடம் வந்தது. 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவரே. புதிய காரின் நீளம் சுமார் 10 அடிக்குள் அடங்க வேண்டும். அதில் நால்வர் அமரவும் வேண்டும். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்தார். எஃகுச் சுருள்களுக்கு மாற்றாக அலெக்ஸ் மோல்டன் வகுத்த ரப்பர்க் கூம்புகளைச் சஸ்பென்ஷனில் இருத்தினார்.

இவை எல்லாம் செய்தும் ஒரு தடை எஞ்சியிருந்தது. சக்கரம் சுழலவும் மேலும் கீழும் அசையவும் வேண்டிய குழிவு, காரின் உட்புறத்தைத் தின்றுவிடும். மைனரின் சக்கரம் 14 அங்குலம். அதை இங்கே வைத்தால் பயணிகளின் இடத்தில் சக்கரம்தான் அமர்ந்திருக்கும். ஆகவே இசிகோனிஸ் 10 அங்குலத்துக்கு இறங்கினார். அந்த அளவில் காருக்கேற்ற டயரை டன்லப் நிறுவனம் உருவாக்கித் தந்தது. 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தபோது, அதன் தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மனிதர்களுக்கும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளுக்கும் கிடைத்தது. சக்கரம் சிறுத்ததால் மனிதனுக்கு இடம் பெருகியது என்று சுருங்கச் சொல்லலாம்.

வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மாச்சீரை அடுத்து நிரை வரவேண்டும். விளச்சீரை அடுத்து நேர் வரவேண்டும். அழகாக இருக்கிறதே என்று ஒரு மாச்சீரை எடுத்துவிட்டு அங்கே விளச்சீர் ஒன்றை வைத்தால், அச்சொல் எவ்வளவு நல்ல சொல்லாயினும் அடுத்த சீரோடு தளை தட்டும். அதைச் சரிசெய்ய அடுத்த சீரைத் திருத்துவோம், பிறகு அதற்கடுத்ததை. கடைசியில் வேறொரு பாட்டு நம் கையில் இருக்கும். மினியில் சக்கரத்தை மாற்றுவது இத்தகைய செயல்.

கணக்கைக் கொண்டே பார்த்துவிடலாம். மினியின் 10 அங்குல ரிம்முக்கு இன்று வழக்கமாகப் போடும் ரேடியல் டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 116 மில்லிமீட்டர். ரிம்மையும் சேர்த்தால் மொத்த விட்டம் 486. இனி 13 அங்குல ரிம்முக்கு வருவோம். அதில் மாட்டும் டயரின் அகலம் 175. பக்கச்சுவர் அதில் பாதி, 87.5 மில்லிமீட்டர்தான். மொத்த விட்டம் சுமார் 505. ரிம் 3 அங்குலம் வளர்ந்தது. வெளிவிட்டமோ 2 சென்டிமீட்டர் கூட வளரவில்லை. வளர்ந்தது உலோகம், மெலிந்தது ரப்பர்.

மெலிந்த ரப்பருக்கு விலை உண்டு. டயரின் பக்கச்சுவரும் ஒருவகையில் சஸ்பென்ஷன்தான். மினியின் ரப்பர்க் கூம்புகள் இயல்பிலேயே விறைப்பானவை. சாலையின் சிறு அதிர்வுகளை முதலில் வாங்கிக்கொள்வது டயர். அதில் 28 மில்லிமீட்டரைக் குறைத்தால், அந்த அதிர்வு காரின் உடலுக்கும் அமர்ந்திருப்பவரின் முதுகுக்கும் போகும். வெளிவிட்டம் 4 விழுக்காடு கூடியதால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். முன்பு சரியாகக் காட்டிய கருவியாயினும், அது 100 என்று காட்டும்போது கார் 104இல் ஓடிக்கொண்டிருக்கும்.

அகலம் தரும் தொல்லை இதனினும் பெரிது. ஆதி மினியின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 13 அங்குல ரிம் பெரும்பாலும் 6 அங்குல அகலத்தில் வருகிறது. உட்புறம் இடமில்லாததால் கூடுதல் அகலம் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. டயரின் நடுக்கோடு, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து விலகிப்போகிறது. ஸ்டீரிங் கனக்கிறது, குழியில் இறங்கினால் கையை உதறுகிறது. பேரிங்கின் மீது நெம்புகோல்போல் சுமை ஏறுகிறது. முழுதாகத் திருப்பினால் டயர் உரசும் என்பதால் திரும்பும் கோணத்தையே குறைக்க வேண்டி வரலாம். குறுகிய சந்துகளில் சட்டெனத் திரும்புவதற்கென்றே புகழ்பெற்ற கார், அந்தப் புகழைத் தன் சக்கரத்திடமே இழக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு தகட்டை வெட்டும் வேலையும் இருக்கிறது.

மறுதரப்பின் வாதங்கள் வலுவற்றவை அல்ல. முதல் வாதம், ஆலையே சக்கரத்தை மாற்றியதே என்பது. உண்மைதான். 1984இல் மினிகள் அனைத்தும் 12 அங்குலத்துக்கு மாறின. 1990களின் பிற்பகுதியில் ஸ்போர்ட்ஸ்பேக் என்ற பெயரில் 13 அங்குலமும் வந்தது. ஆனால் 1984இல் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு 8.4 அங்குல பிரேக் டிஸ்க் வந்தது. அது 10 அங்குல ரிம்முக்குள் அடங்காது. பிரேக்குக்காகச் சக்கரம் வளர்ந்தது. சக்கரத்துக்காக மேல்வளைவில் பட்டை சேர்ந்தது. ஒரு திருத்தம் கேட்ட மற்றத் திருத்தங்களையும் செய்து வெளியிட்ட மறுபதிப்பு அது. 13 அங்குலம் வந்தபோதும் அதற்கென அகன்ற வளைவுகளுடனேயே ஆலை அதை விற்றது. மறுபதிப்பில் ஆசிரியர் செய்த மாற்றத்தைக் காட்டி, முதற்பதிப்பின் பிரதியில் நாம் கத்தரிக்கோல் வைக்க முடியுமா?

இரண்டாம் வாதம், மினியின் வரலாறே மாற்றங்களின் வரலாறு என்பது. இதுவும் உண்மை. பந்தயக் கார்களைக் கட்டிய ஜான் கூப்பர் 1961இல் மினியைக் கையில் எடுத்தார். எஞ்சினை வலுவாக்கினார், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வந்தது. 1963இல் கூப்பர் எஸ் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியில் அந்தக் கார் வென்றது. பனி படர்ந்த மலைப்பாதைகளில், தன்னைவிடப் பெரிய கார்களை அது முந்தியது 10 அங்குலச் சக்கரங்களில்தான். முதலில் 7, பிறகு ஏழரை அங்குலம் என்று அந்தச் சிறு ரிம்முக்குள் அடங்குமாறு பிரேக் டிஸ்க்கையே வடிவமைத்தார்கள். யாப்பை மீறாமல் புதுமை செய்வது இதுதான்.

மூன்றாம் வாதம், என் கார் என் உரிமை என்பது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிமையோடு ஒரு பொறுப்பும் வருகிறது. பிரிட்டனில் 2018 மே முதல், 40 ஆண்டைக் கடந்த, அடிப்படையில் மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் கடமை மட்டும் உடையவரிடம் அப்படியே இருக்கிறது. உரசித் தேய்ந்த டயரை, தளர்ந்த பேரிங்கை ஆண்டுக்கொருமுறை கண்டுசொல்ல ஓர் ஆய்வாளர் வரமாட்டார். அந்தச் சாலையில் வேறு மனிதர்களும் நடக்கிறார்கள்.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? அப்படி நான் கருதவில்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். ஏடுகள் ஒன்றோடொன்று மாறுபட்ட இடங்களில் தம் முடிவுப்படி ஒரு பாடத்தைத் தேர்ந்தார். ஆயினும் சுவடியைச் சுரண்டித் திருத்தவில்லை. பாடபேதத்தைக் குறித்து வைப்பது பதிப்பு நெறி. ஏட்டை அழித்தெழுதுவது குற்றம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற தூரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது. மாற்றம் தேவையெனில் அது அடக்கமாக இருக்கட்டும், திரும்பப் பெறத்தக்கதாக இருக்கட்டும், கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பது அதன் சாரம்.

இந்த அளவுகோலை வைத்தால் தீர்ப்பு எளிது. நல்ல பிரேக் வேண்டும் என்பதற்காக, தகட்டைத் தொடாமல் அடங்கும் ஒல்லியான 12 அங்குலச் சக்கரத்தை மாட்டுவது பாடபேதம். நான்கு போல்ட்டு நட்டு அல்ல, அதற்கான பிரேக் பாகங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எனினும் பழையதைப் பரணில் வைத்திருந்தால் என்றாவது மீட்டுக்கொள்ளலாம். தோற்றத்துக்காக 13 அங்குலத்தைத் திணித்து, 1967இன் தகட்டை வெட்டுவது ஏட்டை அழிப்பது. வெட்டிய தகட்டின் இடத்தில் புதிய தகட்டை ஒட்டலாம். அந்த ஆலையில் அந்த ஆண்டு அழுத்தி எடுத்த தகடு திரும்ப வராது.

சக்கரத்தின் உறுப்புகளுக்கு ஆர், குடம், நேமி எனத் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. வண்டி செய்த தச்சனுக்கு அவை வெறும் பெயர்கள் அல்ல. ஒன்றின் அளவு மற்றொன்றின் அளவைத் தீர்மானித்தது. மினியைப் படைத்தவர்களும் அவ்வாறே அளந்தார்கள். அந்தக் காரின் மற்ற அளவுகள் எல்லாம் அந்த 10 அங்குலத்துக்குக் கட்டுப்பட்டு வந்தவை. அதை வாங்கியவர் அந்த அளவையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.