முகச் சுருக்க ஊசி: தராசு முள் யார் பக்கம்?

முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசி இன்று சென்னை, கோவை போன்ற நகரங்களிலும் விற்பனைச் சரக்காகிவிட்டது. பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று ஒதுங்குவதற்கில்லை. ஜவுளிக்கடை வாசலிலும் ஓட்டல் வரவேற்பு மேஜையிலும் வயது தெரியாத முகத்தையே முதலாளி கேட்கிறான். வேலை போய்விடுமோ என்று அஞ்சிச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்வது நம் வேலையல்ல. அவர்கள் ஏமாறாமல் காப்பதே நம் வேலை.

சரக்கு என்ன? போட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் விஷம்! மிக மிகச் சொற்ப அளவில் செலுத்தினால் தசை தளர்ந்து மடிப்பு மறைகிறது. மூன்று நான்கு மாதங்களில் பழையபடி திரும்புகிறது. மாறுகண் நோயாளிகளுக்காக அமெரிக்கக் கண் டாக்டர் ஆலன் ஸ்காட் உருவாக்கிய மருந்து இது. 1989ல் அந்நாட்டு அரசு அனுமதித்தது. பின்னர் அல்லெர்கான் கம்பெனி இதை வாங்கி, போடாக்ஸ் என்று பெயரிட்டது. 2002ல் புருவ நடுச் சுருக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. நோய் தீர்க்க வந்தது லாப வேட்டைக்கும் கருவியாயிற்று. அனுமதியில்லாத உபயோகங்களுக்கு இம்மருந்தைப் பரப்பிய வழக்கில், 2010ல் அக்கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலர் கட்டியது.

மோசடிக்கு இடம் எங்கே? மருந்து சீசாவில் பொடியாக வருகிறது. உப்புநீர் கலந்து ஊசியில் ஏற்றுகிறார்கள். நீர் கலப்பது மோசடியல்ல. உடம்பில் ஏறியது எத்தனை யூனிட் என்பதை மறைப்பதே மோசடி. நெற்றிக்கு இவ்வளவு என்று மொத்த விலை பேசிவிட்டு அளவைக் குறைத்தால், வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? புருவ நடுவுக்கு போடாக்ஸ் 20 யூனிட்; டிஸ்போர்ட் என்ற மருந்தோ 50 யூனிட். ஒன்றின் யூனிட் மற்றதற்குச் சமமல்ல. மருந்தின் பெயர் சொல்லாமல் யூனிட் விலை மலிவு என்பது வெறும் பசப்பு.

மலிவு மட்டுமே நியாயமாகிவிடாது. போலி மருந்தாலும் தகுதியற்றவர்கள் போட்ட ஊசியாலும் 2024ல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு சுகாதார இலாகா அறிவித்தது.

டாக்டரின் திறமைக்குக் கூலி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அதைத் தனியே எழுதிக் காட்டட்டும்!

ரேஷன் கடையில் தராசு முள் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறோம். அதே நியாயம் இங்கும் செல்லும். மருந்தின் பெயர், யூனிட் கணக்கு, யூனிட் விலை மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். சீசாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் ரசீதில் இருக்கட்டும். ஊசி போடுகிறவரின் டாக்டர் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனி மனிதரின் எச்சரிக்கை மட்டும் போதாது. இவ்விவரங்களை விலைப்பலகையில் எழுதிவைப்பதைச் சர்க்கார் சட்டமாக்க வேண்டும். முகத்தின் சுருக்கத்தைக் காட்டி வேலையைப் பறிக்கும் முதலாளிக்கும் கடிவாளம் போட வேண்டும். இரண்டையும் சேர்த்தே கோருவோம்!