பள்ளி மணி அடிக்கும் முன்

ஜூன் முதல் வாரத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போடத் தொடங்கும்போது புனேப் பிள்ளைகள் இன்னும் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மகாராஷ்டிராவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் வழக்கமாகத் திறப்பது ஜூன் 15ஐ ஒட்டித்தான். வெயில் கொளுத்தும் விதர்பாவில் இன்னும் சில நாள் தள்ளி. கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு லாபம். மே மாதத்தைத் தாத்தா பாட்டி வீட்டில் கழித்துவிட்டு ஊறுகாய் ஜாடியும் முறுக்கு டின்னுமாக நாகர்கோவில்-மும்பை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாலும், கையில் பத்து நாள் மிச்சமிருக்கும்.

அந்தப் பத்து நாள் பெரும்பாலும் ஷூ வாங்குவதிலும் பை வாங்குவதிலும் மாலைச் சுற்றுவதிலும் கரைந்துபோகிறது. வெளியே அழைத்துப் போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்தால், அப்பாக்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "மழை வரட்டும், லோணாவளா போகலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மே கடைசியில் சஹ்யாத்ரி மலை பார்க்க அழகாக இருக்காது. புல் காய்ந்து, பாறை கருகி, அணைகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். பச்சை வரட்டும் என்று காத்திருக்கத்தான் தோன்றும்.

ஆனால் குழந்தைகளோடு மலைக்குப் போக ஏற்ற காலம் இந்தக் காய்ந்த இரண்டு வாரம்தான். பாதையில் வழுக்கல் இல்லை, அட்டை இல்லை, கூட்டம் குறைவு. மாலையில் மேகம் கூடி, மராத்தியர் 'வளீவ்' என்று அழைக்கும் கோடை மழை இடியோடு பெய்து போகும் நாட்கள் இவை. இடிச் சத்தம் கேட்பதற்குள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். விடிகாலையில் ஏறிப் பத்து மணிக்குள் திரும்பிவிட்டால் வெயிலும் இல்லை, மின்னலும் இல்லை.

செலவே இல்லாமல் தொடங்க நகருக்குள்ளேயே 'டேக்டி' எனப்படும் குன்றுகள் இருக்கின்றன. பார்வதி குன்றுக்கு 103 படிகள். உச்சியில் பேஷ்வாக்கள் கட்டிய கோயில். சுமார் 800 மீட்டர் உயரமுள்ள வேதாள் டேக்டிதான் நகர எல்லைக்குள் மிக உயரமான இடம். பழைய கல்குவாரி, புதர்க்காடு, விடியலில் அகவும் மயில்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கருப்பு வெள்ளையில் கொண்டை வைத்த ஒரு குயிலும் கண்ணில் படும். மழைத்துளிக்காகக் காத்திருக்கும் என்று கதைகள் சொல்லும் சாதகப் பறவை இதுதான். தென்னிந்தியாவில் இதே பறவை ஆண்டு முழுவதும் தங்கியிருக்கிறது. மத்திய, வட இந்தியாவுக்கு வருவதோ பருவக்காற்றின் போக்கில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் கூட்டம். அது வந்துவிட்டால் மழை பின்னாலேயே வருகிறது என்பது விவசாயிகளின் கணக்கு. நடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் குன்றின் அருமை தெரியும். இதன் வழியே சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 2023ல் புனே மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அடுத்த படி சிங்ககட். நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம். உச்சிக்குச் சாலை உண்டு என்றாலும் அட்கர்வாடி கிராமத்திலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியெல்லாம் கேள்வி கேட்கும் எட்டு வயதுக்காரரோடு போனால் இரண்டரை. 1670 பிப்ரவரி 4 அன்று இரவில் தானாஜி மாலுசரே இந்தக் கோட்டையைப் பிடித்து உயிர்விட்டார். செங்குத்துப் பாறையில் உடும்பின் உடலில் கயிறு கட்டி ஏறினார்கள் என்பது கதை. வரலாற்று ஆசிரியர்கள் நம்புவதில்லை. ஆனால் 'உடும்புப் பிடி' என்று பேசிப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றும் மேலே இருக்கிறது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், அவுரங்கசீப்பின் படைக்குத் தப்பித் தெற்கே ஓடிவந்து, 1689 முதல் செஞ்சிக் கோட்டையிலிருந்து மராத்திய அரசை நடத்தினார். பல ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698ல் செஞ்சி விழுந்தபோது அவர் ஏற்கெனவே தப்பிவிட்டிருந்தார். 1700 மார்ச்சில் அவர் இறந்தது சிங்ககட்டில்தான். சமாதியும் அங்கேயே இருக்கிறது. செஞ்சியைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கதையின் முடிவு இங்கே கிடைக்கும். 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் செஞ்சி உண்டு, சிங்ககட் இல்லை. புனே மாவட்டத்திலிருந்து பட்டியலில் இடம்பெற்ற லோஹகட்டுக்கு லோணாவளா லோக்கல் ரயிலில் மளவ்லி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். வழியிலேயே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாஜா குகைகள்.

மலை ஏறியவர்களுக்குக் கூலி சாப்பாட்டில் கிடைக்கும். சிங்ககட்டில் கேழ்வரகோ சோளமோ தட்டிய பாக்ரி, கடலை மாவில் கிண்டிய பிட்லா, வெங்காய பஜ்ஜி, சிறு மண் சட்டியில் கெட்டித் தயிர். மே, ஜூனில் மட்டும் கூடுதலாக ஒன்று: இலைத் தொன்னையில் கர்வந்த். நம் ஊர்க் களாக்காயின் உறவு. 'மலையின் கருப்பு மைனா' என்று கூவி விற்பார்கள். சட்டையில் பட்டால் கறை போகாது. பள்ளிச் சீருடை இல்லை என்பதால் அம்மாக்களும் கண்டுகொள்வதில்லை.

இந்த நாட்களின் பெரிய விருந்து இருட்டில் நடக்கிறது. மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, கனமழை பிடிப்பதற்கு முன், சஹ்யாத்ரியின் கடுக்காய், தான்றி, மருது மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. ஒரு மரம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைவதைப் பார்த்த குழந்தை அதை எளிதில் மறக்காது. லோணாவளாவுக்கு அப்பால் ராஜ்மாச்சி, அஹில்யாநகர் மாவட்டத்தில் பண்டார்தரா, புருஷ்வாடி ஆகியவை பெயர் பெற்ற இடங்கள். கிராமத்து வீடுகளில் தங்கி அவர்கள் சமைப்பதைச் சாப்பிடலாம். தமிழ்நாட்டிலும் இந்தக் காட்சி உண்டு: ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி சரகத்தில் 2022 ஏப்ரலில் மின்மினிகள் பெரும் திரளாக ஒளிர்ந்ததை வனத்துறை பதிவு செய்தது.

ஆனால் விருந்தாளிகளே விருந்தைக் கெடுக்கும் நிலை வந்துவிட்டது. மின்மினி ஒரு வண்டு. புழுவாக மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து நத்தைகளைத் தின்று வளர்ந்து, கடைசியில் சில வாரம் மட்டும் சிறகோடு வாழ்கிறது. ஆண் ஒளி காட்டிக் கூப்பிட, பெண் ஒளியால் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சில வாரத்தில் ஜோடி சேராவிட்டால் அடுத்த ஆண்டு அந்த மரம் இருட்டாகவே இருக்கும். கார் விளக்கும் மொபைல் டார்ச்சும் இந்தப் பேச்சைக் குலைக்கின்றன. தாழ்ந்த புதரிலும் தரையிலும் உட்கார்ந்திருக்கும் பெண் வண்டுகள் காலடியில் நசுங்குகின்றன. எனவே பாதையைவிட்டு விலகக் கூடாது, பிடித்து பாட்டிலில் அடைக்கக் கூடாது, விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் மின்மினிகள் தாமாகவே தெரியும். சும்மா நிற்பதுதான் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

மழை இறங்கியதும் எல்லாம் மாறிவிடுகிறது. புனேயில் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 10ஐ ஒட்டி. முதல் ஞாயிற்றுக்கிழமையே நகரம் தண்ணீரைத் தேடி ஓடுகிறது. 2025 ஜூன் 15, பள்ளிகள் திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிறு. தளேகாவ் அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மேல் இருந்த பழைய இரும்பு நடைபாலத்தில், பொங்கி வரும் வெள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் ஏறி நின்றது. பாலம் உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 30 அன்று, லோணாவளா பூஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் நின்றிருந்த ஒரு புனேக் குடும்பத்தின் ஐந்து பேரைத் திடீர் வெள்ளம் அடித்துப் போனது. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

இதில் விதியை நொந்து பயனில்லை. புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். புனே நகரில் ஓர் ஆண்டில் பெய்வது சுமார் 700 மி.மீ. மழை. சுமார் 65 கி.மீ. தள்ளி, மலை விளிம்பில் உள்ள லோணாவளாவில் 4,000 மி.மீ.க்கும் மேல். நிற்கிற இடத்தில் தூறல்கூட இல்லாதபோதே மேலே கொட்டிய மழை ஓடையில் இறங்கி வந்துகொண்டிருக்கலாம். கணுக்கால் அளவுத் தண்ணீர் இடுப்பளவு ஏறச் சில நிமிடம் போதும். பாசி பிடித்த கருங்கல்லில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் ஓடையின் நடுவில் குழந்தையை நிறுத்திப் படம் எடுப்பது சாகசம் அல்ல.

மழைக்கு முந்திய மலை சொல்லித் தருவதே போதுமான சாகசம்: தன் தண்ணீர் பாட்டிலைத் தானே சுமப்பது, கால் வைக்கும் கல்லைப் பார்த்து வைப்பது, இடி கேட்டால் திரும்புவது, உச்சிக்குப் போகாமல் திரும்பினாலும் தோல்வி இல்லை என்று தெரிந்துகொள்வது. இதற்குத் தேவை ஒரு தொப்பி, கான்வாஸ் ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை சாதம். புது ஷூ வேண்டாம், பழையதே நல்லது. புதியதைப் பள்ளிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்பா கொடுத்த லோணாவளா வாக்குறுதியையும் மறுக்க வேண்டியதில்லை, செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்தால் போதும். அப்போது மழை தணிந்து, ஓடைகள் அடங்கி, மலைச்சரிவெங்கும் சோன்கிப் பூ மஞ்சளாகப் பூத்திருக்கும்.